எடுத்து வளர்த்த பிள்ளையா, எடுபிடியா? அமெரிக்க 'அநாதை ரயில்' பற்றி ஒரு சந்தேகம்

சரவணன், தேனி

வணக்கம். சிறுவர் இதழ் ஒன்றுக்கு மாதம் ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதுகிறேன். இந்த மாதம் ரயில் பற்றி எழுதலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய நோட்டீஸின் படம் கண்ணில் பட்டது. மிசௌரி மாநிலத்தில் ட்ராய் என்ற சின்ன ஊர். 1910 பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை மதியம். நியூயார்க்கின் சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி அநாதைக் குழந்தைகளை ரயிலில் கூட்டி வருகிறது, ஊர் நாடகக் கொட்டகைக்கு வாருங்கள், வீடு கொடுக்க முன்வாருங்கள் என்று போட்டிருக்கிறது. நம் ஊரில் சர்க்கஸ் வந்தால் சுவரில் ஒட்டுவார்களே, பார்க்க அப்படியே இருக்கிறது. கூடவே நிபந்தனைகள்: குடும்பத்தில் ஒருவராக நடத்த வேண்டும், பள்ளிக்கூடத்துக்கும் சர்ச்சுக்கும் அனுப்ப வேண்டும், 18 வயது வரை துணிமணி எடுத்துத் தர வேண்டும்.

இதைத் "தத்து கொடுத்தார்கள்" என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் அம்மா அந்தச் சொல்லைச் சிவப்பில் சுழித்து, "தத்தா, பண்ணை வேலைக்கா?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். 1854 முதல் 1929 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படிப் போயிருக்கிறார்கள். எல்லோருமே அநாதைகள்தானா? போன இடத்தில் மகனாக இருந்தார்களா, வேலைக்காரனாக இருந்தார்களா? ஒரே சொல்லில் எழுத வழி உண்டா?

பாலாஜி, சென்னை

ரொம்ப யோசிக்காதீர்கள் சார். நல்ல காரியம்தான். நியூயார்க் தெருவில் பேப்பர் விற்று, படிக்கட்டுக்குக் கீழே தூங்கிய பசங்களுக்கு வீடும் சோறும் கிடைத்தது. அப்படிப் போனவர்களில் இரண்டு பேர் கவர்னரே ஆனார்கள். ஆண்ட்ரூ பர்க் வடக்கு டகோடாவுக்கு, ஜான் பிரேடி அலாஸ்காவுக்கு. கட்டுரையை அதில் முடித்தால் பிள்ளைகளுக்கும் உற்சாகமாக இருக்கும்.

மீனா, விச்சிட்டா

சரவணன் தம்பி, உங்கள் ஆசிரியர் அம்மா சரியான இடத்தில்தான் பேனாவை வைத்திருக்கிறார்.

நான் கான்சாஸுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் ஒரு நூலகத்தில் வேலை, பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் இருக்கும் அறையில். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் தாத்தா பாட்டியைத் தேடி வருகிறவர்கள். சில வருடங்களுக்கு முன்னால் எண்பதைத் தாண்டிய ஒரு விவசாயி வந்தார். சட்டைப் பையிலிருந்து இருமல் மிட்டாய் தகர டப்பா ஒன்றை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் விரல் அகலத்தில் ஒரு நாடா. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது டிகாக்ஷன் நிறம். கறுப்பு மையில் 41 என்று எழுதியிருந்தது. ஓரமெல்லாம் தையல் பிரித்த ஊசி ஓட்டைகள். "இதுதான் என் அப்பா" என்றார்.

அப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது. கவுன் காலருக்குள் அந்த எண்ணைத் தைத்து ரயிலேற்றியிருக்கிறார்கள். கான்சாஸ் ஸ்டேஷனில் காத்திருந்த குடும்பத்தின் கையில் அதே எண் எழுதிய சீட்டு. கூட வந்த கன்னிகாஸ்திரீ இரண்டையும் ஒத்துப் பார்த்துக் குழந்தையைக் கொடுத்துவிட்டார். ரயில்வே பார்சல் ஆபீஸில் ரசீதைக் காட்டி மூட்டை எடுப்போமே, அதேதான்.

இது கத்தோலிக்க வழி. 1869-இல் சிஸ்டர் ஐரீன் தொடங்கிய நியூயார்க் ஃபவுண்ட்லிங் இல்லம் இப்படி அனுப்பியது. வாசலில் ஒரு தொட்டில் வைத்திருந்தார்கள். வளர்க்க வழியில்லாத தாய் பிள்ளையை அதில் போட்டுவிட்டுப் போகலாம், யாரும் பேர் கேட்க மாட்டார்கள். நம் ஊர் தொட்டில் குழந்தைத் திட்டம் ஞாபகம் வருகிறதா? அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும், மேற்கே உள்ள பாதிரியார்கள் தங்கள் சபையில் விசாரித்து வைத்த வீடுகளுக்கு எண் போட்டு அனுப்பினார்கள். வீடு முன்கூட்டியே முடிவாகிவிடும்.

உங்கள் நோட்டீஸில் இருக்கும் சங்கத்தின் வழி வேறு. அதை 1853-இல் தொடங்கியவர் சார்லஸ் லோரிங் பிரேஸ். மதப் பணிக்குப் படித்தவர், அப்போது வயது இருபத்தேழு இருக்கலாம். அயர்லாந்துப் பஞ்சத்தில் பிழைக்க வந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்களும் நியூயார்க்கில் நெருக்கியடித்துக் கிடந்த காலம். காலராவிலும் வேலையிடத்து விபத்திலும் அப்பன் செத்தால் குடும்பம் தெருவில். சுற்றித் திரிந்த பிள்ளைகளைப் பிடித்துச் சிறையில் பெரியவர்களோடு அடைப்பதும் உண்டு. பிரேஸுக்கு அநாதை விடுதிகள் பிடிக்காது; அங்கே வளர்கிற பிள்ளை மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் சாப்பிடும் பொம்மையாகிவிடும் என்பது அவர் எண்ணம். விவசாயியின் வீட்டைவிட நல்ல புகலிடம் கிடையாது என்று நம்பினார். மேற்கே நிலம் நிறைய, கை குறைவு. கிழக்கே வாய் நிறைய, சோறு குறைவு. ரயில் பாதையும் அப்போதுதான் நீண்டுகொண்டிருந்தது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கணக்கு அழகாகத்தான் வருகிறது. அதுதான் எனக்கு உறுத்தல்.

முதல் கூட்டம் 1854-இல் மிச்சிகன் மாநிலத்து டவாஜியாக் என்ற ஊருக்குப் போனது. சுமார் 45 பிள்ளைகள். படகு, ரயில், மறுபடி படகு, மறுபடி ரயில். அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை, விடியாத மூன்று மணிக்கு இறங்கி ஸ்டேஷன் தரையிலேயே படுத்திருக்கிறார்கள். காலையில் முகம் கழுவி வழிபாட்டுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார் ஸ்மித் என்ற ஏஜென்ட். அன்று மாலைக்குள் 15 பேர் போய்விட்டார்கள், அடுத்த சில நாளில் 22 பேர். மீந்தவர்கள் எட்டுப் பேர், பெரும்பாலும் பொடிசுகள். அவர்களைச் சிகாகோ கூட்டிப் போய் அயோவாவில் ஒரு பாதிரியாரின் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்.

பொடிசுகள் ஏன் மீந்தார்கள் என்று யோசித்தால் ஆசிரியர் அம்மாவின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். சோளம் ஒடிக்கிற வயதுப் பையன்கள்தான் முதலில் போனார்கள். பிற்காலத்தில் கைக்குழந்தைகளுக்கும் கிராக்கி வந்தது, பிள்ளையில்லாத வீடுகள் கேட்டு வாங்கின. ஆனால் ஊர்க் கொட்டகை மேடையில் தேர்வுக்கு நின்ற பையன்கள் பலர் முதுமையில் சொல்லி வைத்த ஞாபகம் ஒன்றுதான்: முன்பின் தெரியாத ஆள் வந்து புஜத்தை அமுக்கிப் பார்த்ததும், வாயைத் திறக்கச் சொன்னதும். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதை நேரில் பார்த்து வளர்ந்தவள் நான். அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் சொல்லுக்கு வருகிறேன். தத்து என்று எழுதாதீர்கள். முறையான தத்துச் சட்டத்தை மாசசூசெட்ஸ் 1851-இலேயே கொண்டுவந்துவிட்டது. பிரேஸ் அந்த வழியில் போகவில்லை. பழைய முறைப்படி இத்தனை வருடம் தொழில் பழக வேண்டும் என்று பத்திரம் எழுதிக் கட்டிப்போடவும் இல்லை. அதைப் பெருமையாகவே சொன்னார்: பிடிக்காவிட்டால் பிள்ளை வெளியேறலாம், குடும்பமும் திருப்பி அனுப்பலாம். கேட்க நன்றாக இருக்கிறது. கான்சாஸ் பனிக்காலத்தில், அடுத்த வீடு இரண்டு மைல் தள்ளி இருக்கும் பண்ணையிலிருந்து பத்து வயதுப் பையன் எங்கே வெளியேறுவான்? ஏஜென்ட் வருடத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பார் என்பது ஏற்பாடு. தத்து இல்லை என்பதால் சொத்தில் பங்கும் இல்லை, பத்திரம் இல்லை என்பதால் கூலியும் நிச்சயமில்லை. சில வீடுகளில் சொந்தப் பிள்ளை மாதிரி வளர்ந்து, இனிஷியல் மாற்றிக்கொண்டு, அந்த அப்பா அம்மாவுக்குக் கொள்ளி போட்டவர்களும் உண்டு. சில வீடுகளில் கொட்டகையில் படுக்கை. ஒரே தாள், ஒரே நிபந்தனைதான். எடுத்து வளர்த்த பிள்ளையா எடுபிடியா என்பதை அந்த வீட்டு ஆட்களின் குணம் முடிவு செய்தது. 'எடுப்பார் கைப்பிள்ளை' என்று நாம் வேறு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்; இங்கே அது அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

பாலாஜி, உங்கள் கவர்னர்கள் நிஜம்தான். இரண்டு பேரும் 1859-இல் ஒரே கூட்டத்தில் இண்டியானாவுக்குப் போனவர்கள். பிரேடியைக் கூட்டிப் போனவர் நீதிபதி, பையன் பிறகு யேல் பல்கலைக்கழகம் வரை படித்தான். பர்க் உள்நாட்டுப் போரில் முரசடிக்கும் சிறுவனாகப் போனார். சங்கத்துக்கு இவர்கள் நல்ல விளம்பரமானார்கள். நீட் கோச்சிங் சென்டர் தட்டியில் இரண்டு முகத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள் அல்லவா? மீதிப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று அந்தத் தட்டி சொல்லாது.

சரவணன், தேனி

மீனாக்கா, மிக்க நன்றி. 'அநாதை' பற்றி நீங்கள் சொல்லவில்லையே? அந்த எண் 41 பெரியவரின் அப்பாவுக்குப் பெற்ற தாய் இருந்தாரா? அம்மாக்கள் தெரிந்துதான் கொடுத்தார்களா?

வசந்தி, ஸ்கார்பரோ

தம்பி, இடையில் புகுந்ததற்குக் குறை நினைக்க வேண்டாம். இதே கதை கனடாவிலும் நடந்திருக்கிறது, இன்னும் தூரமாய். லண்டன், லிவர்பூல், கிளாஸ்கோ போன்ற நகரங்களின் ஏழைப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றி ஒன்டாரியோப் பண்ணைகளுக்கு அனுப்பினவை. 'ஹோம் சில்ட்ரன்' என்று பெயர். 1869-இல் மரியா ரை என்ற பெண்மணி தொடங்கினார், பிறகு மற்றவர்களும் பர்னார்டோ என்ற பிரிட்டிஷ் அறநிறுவனமும். மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல்.

நான் முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஒரு அம்மாவின் கட்டிலடியில் தகரம் அடித்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. தகப்பன் பத்து வயதில் கப்பலால் இறங்கும்போது கொண்டுவந்த பெட்டி என்றார். தகப்பன் சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லையாம். ஊர்ச்சனம் 'ஹோம் பிள்ளை' என்று இளக்காரமாய்ச் சொல்லுமாம், அந்த வெட்கம். "அப்பா எப்போதும் கடைசியாய்த்தான் சாப்பிடுவார், சொந்த வீட்டிலும்" என்று அந்த அம்மா ஒருநாள் கதைத்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

1924-இல் மார்கரெட் பொண்ட்ஃபீல்ட் தலைமையில் பிரிட்டனிலிருந்து ஒரு குழு வந்து பார்த்து, பள்ளி வயது தாண்டாத பிள்ளைகளைத் தாய் தகப்பன் இல்லாமல் வேலைக்கு அனுப்பக்கூடாது என்று அறிக்கை கொடுத்தது. அதன் பிறகுதான் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தனியே அனுப்புவது நின்றது. பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2010-இல். அந்த அம்மாவின் தகப்பன் அதற்கு முன்பே போய்விட்டார்.

மீனா, விச்சிட்டா

வசந்தி, கடைசியாகச் சாப்பிடும் பழக்கத்தை நானும் இங்கே கேட்டிருக்கிறேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

சரவணன், அநாதை விஷயம். 'அநாதை ரயில்' என்ற பெயரே பின்னால் பரவியதுதான். சங்கம் தன் பதிவுகளில் 'வெளியே வைத்தல்' என்கிற மாதிரியான சொல்லைத்தான் பயன்படுத்தியது. போனவர்களில் ஏராளமானவர்களுக்குத் தாயோ தகப்பனோ, சிலருக்கு இருவருமே, உயிரோடு இருந்தார்கள். புருஷன் செத்து, வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு, பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள எந்த எஜமானி சம்மதிப்பாள்? கொஞ்ச நாள் விடுதியில் விட்டு, கை நிமிர்ந்ததும் கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் உண்டு. திரும்பி வந்தபோது பிள்ளை ஆயிரம் மைல் தள்ளி இருக்கும். சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் வாடகை பாக்கியோடு, மடியில் இன்னொரு பிள்ளையோடு நிற்கிறவளிடம் தாளை நீட்டினால் அது எந்த வகைச் சம்மதம்? 'மேற்கு' என்றால் எவ்வளவு தூரம் என்று அவளுக்கு யார் காட்டினார்கள்?

இன்னொரு விஷயமும் உண்டு, கட்டுரையில் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. பிரேஸ் புராட்டஸ்டன்ட், பிள்ளைகளில் நிறையப் பேர் அயர்லாந்துக் கத்தோலிக்கர். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்ற பேரில் மதம் மாற்றுகிறார்கள் என்று கத்தோலிக்கத் தரப்பு கொதித்தது. சிஸ்டர்கள் தனி ரயில் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் யாருடையவர்கள் என்ற சண்டையில் இரண்டு சபைகளும் சத்தமாகப் பேசின.

அந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது அரிசோனாவில். 1904 அக்டோபரில் ஃபவுண்ட்லிங் இல்லம் 40 பிள்ளைகளை கிளிஃப்டன், மொரென்சி என்ற தாமிரச் சுரங்க ஊர்களுக்கு அனுப்பியது. பாதிரியார் பார்த்து வைத்திருந்த வீடுகள் மெக்சிகோக் கத்தோலிக்கக் குடும்பங்கள். நியூயார்க்கில் யாரும் மதிக்காத அயர்லாந்துப் பிள்ளைகள், அரிசோனாவில் ரயிலைவிட்டு இறங்கியதும் 'வெள்ளைக் குழந்தைகள்' ஆகிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு இரவில் வீடு வீடாகப் புகுந்து பிள்ளைகளைப் பிடுங்கினார்கள். 21 பேரை சிஸ்டர்கள் மீட்டுத் திரும்பினார்கள், 19 பேர் பிடுங்கியவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். இல்லம் வழக்குப் போட்டது. பிள்ளையின் நலன் வெள்ளையர் வீட்டில்தான் என்று அரிசோனா உச்ச நீதிமன்றம் சொன்னது. 1906-இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றம் தனக்கு இதில் அதிகாரமில்லை என்று தள்ளிவிட்டது. வழக்கில் ஒரு பக்கம் இல்லம், மறு பக்கம் வெள்ளையர். பிள்ளைகளைப் பறிகொடுத்த மெக்சிகோப் பெண்களும் கட்சிக்காரர் இல்லை, பெற்ற தாய்களும் இல்லை.

(கறுப்பினப் பிள்ளைகளை இந்த ரயில்களில் மிக அபூர்வமாகவே ஏற்றினார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.)

எப்படி நின்றது என்று கேட்டால், ஒரே நாளில் யாருக்கும் மனசாட்சி விழிக்கவில்லை. உங்கள் ஏழைகளை எங்கள் மாநிலத்தில் கொட்டாதீர்கள் என்று மேற்கு மாநிலங்கள் சட்டம் போட ஆரம்பித்தன. மிச்சிகனில் 1895-லேயே வந்துவிட்டது. 1909-இல் வெள்ளை மாளிகையில் நடந்த மாநாட்டில், வறுமை ஒன்றுக்காக மட்டும் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக்கூடாது என்று சொன்னார்கள். 1911-இல் இல்லினாய் மாநிலம் தாய்மாருக்கு உதவித்தொகை தரத் தொடங்கியது, மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ரயில் டிக்கெட் வாங்கிய காசை அம்மா கையில் கொடுக்கலாம் என்று தோன்ற ஐம்பத்தேழு வருடம் பிடித்திருக்கிறது. இது என் ஆத்திரம், கட்டுரையில் போட வேண்டாம்.

41-க்கு வருகிறேன். பெரியவர் நியூயார்க்குக்கு எழுதிக் கேட்டார், மூன்று மாதம் கழித்து ஞானஸ்நானப் பதிவின் நகல் வந்தது. அதை எங்கள் அறையில் வந்துதான் பிரித்தார். வீட்டில் பிரிக்கப் பயம் என்றார். தாயின் பெயர் இருந்தது. வயது 19, வீட்டு வேலை. தகப்பன் கட்டத்தில் ஒரு கோடு. பெரியவர் அந்தப் பெயரை உரக்கப் படித்தார். உச்சரிப்பு சரியா என்று என்னிடம் கேட்டார், நான் ஏதோ அயர்லாந்துக்காரி மாதிரி. அப்புறம் டப்பாவைத் திறந்து, நாடாவை எடுத்துவிட்டு, தாளை நான்காக மடித்து வைத்துப் பார்த்தார். மூடவில்லை. எட்டாக மடித்தார்.

இங்கிருந்து இரண்டரை மணி நேர தூரத்தில் கான்கார்டியா என்ற ஊரில், பழைய ரயில் நிலையத்திலேயே இதற்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர் முழுக்க அங்கங்கே வெண்கலப் பிள்ளைகள், பெட்டியோடு உட்கார்ந்தும் நின்றும். படம் வேண்டுமானால் நான் எடுத்தவற்றை அனுப்புகிறேன், இதழில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரவணன், தேனி

படம் கட்டாயம் வேண்டும் அக்கா. ஆசிரியர் அம்மா இந்த இழை முழுவதையும் படித்தார். 'தத்து', 'அநாதை' இரண்டையும் எடுத்துவிட்டு "ஏழைப் பிள்ளைகளை ரயிலேற்றி, கேட்டவர்களிடம் ஒப்படைத்தார்கள்" என்று மாற்றியிருக்கிறேன். 'கேட்டவர்களிடம்' என்பதில் மட்டும் பென்சிலால் ஒரு டிக் போட்டார். 600 சொல்தான் இடம், அதனால் கவர்னர்கள் இருவரையும் வெட்டிவிட்டேன். பாலாஜி சார் மன்னிக்கவும்.

பாலாஜி, சென்னை

வெட்டுங்கள், வெட்டுங்கள். அரிசோனாவை மட்டும் வெட்டாதீர்கள்.